பாச்சை உருண்டை போட்ட பருத்தி

எங்கள் வீட்டில் எல்லோர் மேலும் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். எங்கள் பேட்டையான ஆஸ்டின் டவுனில் மற்றப் பிள்ளைகள் தேங்காய் எண்ணெய் மணக்கப் பள்ளிக்கூடம் வருவார்கள். நான் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த பழைய கம்பளி மாதிரி போவேன். அப்பா மெத்தை தைப்பவர். பஞ்சில் பூச்சி வந்தால் பேர் கெட்டுவிடும் என்று, நான்கு மூலையிலும் உருண்டை போடாமல் ஒரு மெத்தையையும் வெளியே விடமாட்டார். கல்யாண மெத்தை என்றால் இன்னும் ஒரு கைப்பிடி. எங்கள் பக்கத்துப் புது மாப்பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டிருப்பார்கள் என்று அம்மா சிரிப்பாள்.

நான் சொல்ல வந்தது மாமாவைப் பற்றி. அம்மாவின் தம்பி. மைசூர் தாண்டி, காட்டை ஒட்டிய ஓர் ஊரில் கன்னடப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மாமனார் நிலத்தில் பருத்தி போட்டு அங்கேயே தங்கிவிட்டவர். தொண்ணூறுகளின் கடைசி அது. திடீரென்று ஒரு வருடம் மருந்தடிப்பதை விட்டார். மாட்டெருவும் வேப்பங்கொட்டைக் கரைசலும்தான். அவர் பேச்சை நம்பி அக்கம்பக்கத்துக்காரர்கள் சிலரும் விட்டார்கள். விளைச்சல் குறைந்தது. அப்பாவுக்கு அதில் ஒரே கொண்டாட்டம்.

“ஏன் மச்சான், யானைக்கு ஜட்டி தைக்கவா பஞ்சு போடுற?”

“யானை பருத்தியத் தின்னாது மச்சான். தைச்சுக் குடுத்தா போட்டுக்குமான்னு கேட்டுச் சொல்றேன்.”

இருவருக்கும் இப்படிப் பேசாவிட்டால் சோறு இறங்காது.

குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கும் ஒரு கம்பெனி அம்மாள் மருந்தடிக்காத பருத்தியைத் தேடுவதாக மாமாவுக்குத் தெரியவந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டிலேயே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. யாரோ பஞ்சு பார்க்க வருகிறார்கள் என்ற அளவில்தான் அது எங்கள் காதில் விழுந்திருந்தது. அந்த அம்மாள் வேண்டாம் என்றால், அடுத்த விதைப்புக்கு மருந்து வாங்கிவிடுவோம் என்று கூட இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சுற்றிலும் அடித்தால் மாமா மட்டும் அடிக்காமல் இருந்து என்ன பயன், காற்று விடுமா?

காலையில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். கொட்டை எடுக்காத பருத்தி. குளித்துவிட்டு, குழந்தை ஏசுவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறேன் என்று விவேக் நகர் சர்ச்சுக்குப் போனார். எங்களுக்குக் குலசாமி வேறு. ஆனாலும் வியாழக்கிழமையானால் அந்தப் பக்கத்தில் யார் எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை.

அவர் போனதும் அப்பா மூட்டையைப் பிரித்தார். பிரித்தவர் பின்னால் நகர்ந்தார். உள்ளே ஒரு ஊரே நடமாடியது.

“அடியே, உன் தம்பி மானம் இன்னிக்கு கப்பலேறப் போவுது, வந்து பாரு!” என்றார். மச்சான் எவ்வளவு வாய் பேசினாலும் மச்சான் அல்லவா? பருத்தியை மாடியில் பரப்பி, மூட்டைப்பூச்சிக்கு அடிக்கிற பம்பை எடுத்து நிதானமாக, ஒரு மூலை விடாமல் அடித்தார். காய்ந்ததும் கட்டி, கல்யாண மெத்தைக்குப் போடும் அளவுக்கு உருண்டையும் போட்டார். நானும் அம்மாவும் செத்ததைப் பொறுக்கிப் போட்டோம். எங்களுக்கு அவ்வளவு பெருமை.

மாமா திரும்பி வந்து மூட்டையில் மூக்கை வைத்தார். அப்படியே உட்கார்ந்தார்.

“என்னா மச்சான் பண்ணீங்க?”

“ஒரு பூச்சி இல்ல பாரு இப்போ.”

“மருந்தே அடிக்கலன்னு காட்டத்தான் மச்சான் கொண்டாந்தேன்.”

அப்பா முகத்தில் அப்போது ஓடியதை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. அம்மா தலையில் கை வைத்தாள். மாமா சுவரைப் பார்த்தபடி இருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத மாதிரி ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அந்த அம்மாள் படியிலேயே மூக்கைப் பொத்தினார். மாமா வாயைத் திறக்குமுன் அப்பா முன்னால் போய் நின்றுகொண்டு, அடித்தது தான்தான், மச்சான் ஒன்றும் செய்யவில்லை என்று அரைகுறைக் கன்னடத்தில் ஆரம்பித்தார்.

“நானே மாடித்து மேடம். அவுரு ஏனூ மாடில்லா. பூச்சி மேடம், ஐயோ, எவ்ளோ பூச்சின்றீங்க!”

எவ்வளவு என்று கேட்டார் அந்த அம்மாள். தான் அடித்தது நியாயம்தான் என்று காட்ட அப்பாவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

“சிவப்பா ஒண்ணு மேடம், முதுகுல கருப்புப் பொட்டு, கும்பல் கும்பலா இருந்துச்சு. பச்சையா ஒண்ணு, கண்ணாடி மாதிரி றெக்கை. எட்டுக்கால் பூச்சி முட்டை மூட்டைய இடுப்புல கட்டிக்கினு குடும்பம் குடும்பமா ஓடுது. பருத்தியா மேடம் அது, ஜூ!”

அப்பா மச்சானைக் கவிழ்க்கிறாரே என்று எனக்குப் பதைத்தது. அந்த அம்மாளோ மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொட்டு எத்தனை, பச்சைப் பூச்சி பறந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா பூச்சி மாதிரி நடந்தே காட்டினார். மருந்தடித்த பருத்தியில் அதெல்லாம் உயிரோடு இருக்காது என்று கடைசியில் அந்த அம்மாள்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நிலத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எழுந்தார். அப்பாவும் கட்டாயம் வரவேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஜீப்பில் எல்லோரும் போனோம். நிலம் வெள்ளை வெளேரென்று வெடித்திருந்தது. வரப்பில் மயில்கள் எங்களைப் பார்த்தும் நகரவில்லை. அப்பா கையில் பம்பில்லாமல் வந்ததைத் தெரிந்துகொண்டது போல, பொட்டு வைத்த சிவப்புப் பூச்சி ஒன்று அவர் சட்டை மேலேயே ஏறியது. அவர் அதை ஊதவும் இல்லை, தட்டவும் இல்லை.

நிலத்தின் கோடியில், காடு தொடங்குகிற இடத்தில் ஒரு குட்டை. ஈர மண்ணெல்லாம் மான் குளம்பு. மருந்தடித்த காலத்தில் இதில் கைகூட வைக்க மாட்டோம், ஒரு விடியற்காலை பெண்மான் ஒன்று வாய் நனைத்த இடத்திலேயே விழுந்து கிடந்தது, அன்றைக்கு மருந்தை விட்டார் இவர் என்று மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, அந்த அம்மாளிடம் கன்னடத்தில் சொன்னாள். மாமா செருப்பைக் கழற்றினார். இறங்கிப் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்.

“டேய், சளி புடிக்கும்டா!” என்று அம்மா கத்தினாள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மாமா பக்கத்தில் குந்தி, அவரும் அள்ளிக் குடித்தார். இருவரும் நனைந்த மீசையோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த அம்மாளும் குனிந்து தண்ணீரில் விரல் நனைத்துப் பார்த்தார். பிறகு, எல்லாருடைய பருத்தியையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார். அத்தை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கூஜா நிறைய நல்ல தண்ணீர் அம்மா கொண்டுவந்திருந்தாள். அது என் கையில்தான் இருந்தது. தாகம் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு அவர்கள் இருவர் மேலும் கோபம்.