ஆடாதோடை வேலி

ஓசூர் மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில், வாசிசின் என்ற மருந்துச் சத்தின் அளவு பார்க்க ஆடாதோடைச் சாற்றுப் புட்டியைத் திறந்ததும், குவாரிப் பள்ளத்துக்குள் என்றோ போய்விட்ட எங்கள் பர்கூர் வீடு அந்தக் கசப்பு வாசனையோடு வந்து நின்றது.

ஆடு வாய் வைக்காது என்பதால் வேலி முழுக்க ஆடாதோடைதான். கல் உடைக்கும் அப்பாவுக்காக அம்மா அதில் இலை பறித்து, கல்தூசி போகக் கழுவி, கஷாயம் காய்ச்சித் தேன் விட்டுக் கொடுப்பாள், சளி இளகும், மூச்சு லேசாகும், மறுபடி இருமல் தொடங்கும், அந்தச் சத்தத்திலேயே நாங்கள் தூங்கி எழுவோம்.

ஒரு காலையில் சத்தமே இல்லை.

"கஷாயம் கேட்டுருச்சு. அப்பா நல்லா தூங்கறாரு, சத்தம் போடாதீங்க" என்றாள் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

வெயில் ஏறிய பிறகுதான் அவர் இறந்திருப்பது தெரிந்தது. அதுவரை நாங்கள் கிசுகிசுத்தே விளையாடினோம்.

இன்று வாசிசின் அளவைச் சொன்னபோது பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்: "ஏன் மேடம், இவ்ளோ மெதுவா பேசறீங்க?"