பூஜ்ஜிய டிஸ்க்கில் பதினொரு கல்லறைகள்

எண்பதுகளின் நடுவில் ஜாலான் புசாரில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் கையேடு எழுதும் வேலை பார்த்தேன். கீழே இரும்புச் சாமான் கடை, மாடியில் நாங்கள். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் துணையாசிரியையாக இருந்தேன். செய்தியைச் சுருக்கவும் பிழை பார்க்கவும் தெரியும். கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாதவள் எழுதினால்தான் தெரியாதவர்களுக்குப் புரியும் என்று முதலாளி நினைத்தார்.

எங்களிடம் இருந்தது ஒரே இயந்திரம். இரண்டு அலமாரிகள், ஆறு திரைகள், துணி துவைக்கும் இயந்திரத்தின் அளவில் ஒரு டிஸ்க். அந்த டிஸ்க் கப்பல் முகவர்களின் சரக்குப் பட்டியல்களால் எப்போதும் நிரம்பிக் கிடக்கும். இயந்திரத்தின் அடிப்படை நிரலான கெர்னலில் கை வைக்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் ஒருவர்தான். மார்சிலிங்கில் குடியிருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"அக்கா, நீங்க ஒரு கமாவ எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிற நேரத்துல நான் ஒரு டிரைவரே எழுதி முடிச்சிடுவேன் லா," என்பார்.

"எழுதுவீங்க. அப்புறம் மூணு நாளு மிஷின் படுத்துக்கும்."

டிரைவர் என்பது கெர்னலுக்கும் ஒரு கருவிக்கும் நடுவே நிற்கும் நிரல். அவருக்குப் பெருமை தந்த டிரைவருக்குக் கருவியே கிடையாது. இல்லாத டிஸ்க்கை இருப்பதாக மற்ற நிரல்களை நம்பவைப்பதுதான் அதன் வேலை. கெர்னல் ஒரு டிஸ்க்கைக் கட்டம் கட்டமாகவே பார்க்கிறது: ஏழாவது கட்டத்தைக் கொடு, எட்டாவதில் இதை எழுது. கேட்ட கட்டம் வந்தால் போதும். எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதில்லை. ஆகவே உண்மையான டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்பைத் தனி டிஸ்க்காகக் காட்டலாம். நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடித்து அதையும் டிஸ்க்காகக் காட்டலாம். முதல் வகையைக் கழற்றினால் கோப்பு பத்திரமாக இருக்கும். இரண்டாவதைக் கழற்றினால் இடம் கெர்னலிடம் திரும்பிவிடும், உள்ளே இருந்தது போய்விடும். இணைக்க ஒரு கட்டளை, கழற்ற ஒரு கட்டளை, கூடவே டிஸ்க்கின் எண். இரண்டு வகைக்கும் அதே கட்டளைகள்தான்.

இதையெல்லாம் கையேட்டில் எழுதியவள் நான். 'நினைவக டிஸ்க்கைக் கழற்றுமுன் அதிலுள்ளதைப் படியெடுத்துக்கொள்ளவும்' என்ற வாக்கியம் என்னுடையது.

அவர் கத்தோலிக்கர். அவருடைய தேவாலயப் பங்குக்குப் பொங்கோல் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருந்தது. அந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. எலும்புகளை எடுத்து வேறிடத்து மாடங்களில் வைக்கக் குடும்பங்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். கற்களுக்கு இடமில்லை. இறந்தவர்களின் பெயரும் தேதியும் பங்கின் பதிவேட்டில் உண்டு. கற்களில் வெட்டியிருந்த வாசகங்கள் வேறெங்கும் இல்லை. பங்கைச் சேர்ந்த பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், பாசியைச் சுரண்டி, அவற்றைத் தாள்களில் எழுதிவந்தார்கள். சிறு புத்தகமாகப் போடுவது என்று முடிவானது. தட்டச்சு செய்து பிழை பார்க்க என் உதவியைக் கேட்டார். நான் யாழ்ப்பாண வழிவந்த சைவக் குடும்பம்.

"திருநீறு பூசிக்கிட்டு எங்க கல்லறைக்குப் புரூஃப் பாக்கப் போறீங்க," என்று சிரித்தார்.

"உங்க ஆளுங்க பாதிப் பேரு ஒற்று இல்லாமலே போயிருக்காங்க. யாராவது போட்டு அனுப்பணுமே."

மதிய உணவு நேரத்தில் மட்டும் இந்த வேலை. சொந்த வேலையை வாடிக்கையாளர்களின் டிஸ்க்கில் வைக்கக்கூடாது என்பது முதலாளியின் விதி. அதனால் பன்னிரண்டு மணிக்கு நினைவக டிஸ்க் ஒன்று, பூஜ்ஜியம் என்ற எண்ணில், தானாகவே இணையும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்த சோற்றுப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு அதில் அடிப்போம். இயந்திரத்தில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்தோம். அச்சகம் அதைத் தமிழில் கோத்துக்கொள்ளும். இரண்டு மணிக்குள் அவர் எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றிவிட்டு டிஸ்க்கைக் கழற்றுவார். இரண்டு மணிக்குச் சரக்குப் பட்டியல் நிரல் ஓடும். அதற்கு அந்த நினைவகம் வேண்டும்.

நாளிதழில் கற்ற இரண்டு பழக்கங்கள் என்னிடம் இருந்தன. பிழை பார்க்கும்போது கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கிப் பின்னால் படிப்பேன். முன்னிருந்து படித்தால் பொருள் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து தப்பிவிடும். இரண்டாவது, பிழை பார்த்து முடித்ததும் மூலத்தாளைக் குறுக்கே கிழித்துக் குப்பையில் போடுவேன். கிழிக்காத தாள் மேசையில் கிடந்தால் யாராவது மறுபடி எடுத்துக் கோத்துவிடுவார்கள். ஒரே செய்தி இரண்டு பக்கங்களில் வரும். எங்கள் அறையில் அது பெரிய அவமானம்.

அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள் டேப்பில் ஏறிவிட்டன. கடைசித் தாள்கட்டில் பதினொன்று மீதி. அதில் ஒன்று அவருடைய மகளின் கல். எழுபதுகளின் தொடக்கத்தில், பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது இறந்தவள். கல்லில் மூன்று வரிகள் இருந்தன. எழுதியவர் அவருடைய மனைவி. அந்தத் தாளை அவர் கையில் எடுக்கவேயில்லை.

"இத மட்டும் நான் அடிக்கல அக்கா. நீங்களே பாத்துக்குங்க," என்றார்.

குழந்தையின் எலும்புகளை எடுக்க நாள் குறித்தபோது அவர் விடுப்பு எடுத்தார். முந்தின நாள் என் மேசைக்கு வந்தார்.

"நாளைக்கு டேப்புல ஏத்த ஆள் இல்ல. பாஸ் கிட்ட கேட்டுட்டு ஒண்ணாம் நம்பர்னு ஒரு டிஸ்க் போட்டு வச்சிருக்கேன். ஃபைல்ல இருக்கு, எங்கயும் போகாது. அதுல அடிங்க. முடிஞ்சதும் கழட்டிடுங்க."

குறிப்பேட்டில் 'ஒன்று' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு நேராகத்தான் இருக்கிறது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போலத் திரைக்கு முன் உட்கார்ந்தேன். வழக்கம்போல விரல்கள் பூஜ்ஜியத்தை அடித்தன. பதினொரு கற்களையும் அடித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவருடைய மகளின் கல் ஏழாவது. எல்லாவற்றையும் பின்னாலிருந்து படித்தேன். நான்கு பிழைகள், திருத்தினேன். தாள்களைக் குறுக்கே கிழித்து, சேர்த்து வைத்து இன்னொரு முறை கிழித்து, கூடையில் போட்டேன். பிறகு பூஜ்ஜியத்தைக் கழற்றும் கட்டளையைக் கொடுத்தேன்.

இயந்திரம் மறுத்தது. 'டிவைஸ் பிஸி' என்றது. அந்தத் தடையும் அவர் எழுதியதுதான். யாராவது ஒரு டிஸ்க்குக்குள் வேலை செய்துகொண்டிருந்தால் அதைக் கழற்ற டிரைவர் விடாது. "ஆள் உள்ள இருக்கும்போது வீட்ட இடிக்கக்கூடாதுல்ல," என்று எனக்கு விளக்கியிருந்தார். நான் இன்னும் பூஜ்ஜியத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். அதற்கான தீர்வும் என் கையேட்டில் இருந்தது: வெளியே வந்து மறுபடி கட்டளை கொடுக்கவும். வெளியே வந்தேன். மறுபடி கொடுத்தேன். இந்த முறை திரையில் எதுவும் வரவில்லை. அந்த இயந்திரம் சொன்னதைச் செய்து முடித்தால் ஒன்றும் சொல்லாது.

இரண்டு மணிக்குச் சரக்குப் பட்டியல் ஓடியது.

இரண்டரைக்கு, அச்சகத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று ஒன்றாம் எண் டிஸ்க்கைத் திறந்தேன். காலியாக இருந்தது. குறிப்பேட்டைப் பார்த்தேன். பிறகு குப்பைக் கூடையைப் பார்த்தேன். அதுவும் காலி. துப்புரவு செய்யும் சீன ஆன்ட்டி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். "சுடா புவாங்," என்றார் மலாயில், எறிந்தாயிற்று என்று. படியிறங்கிப் பின் சந்துக்கு ஓடினேன். குப்பை லாரி வந்து போயிருந்தது.

மூன்றரைக்கு அவர் வந்தார். விடுப்பு நாள், வரவேண்டியதில்லை. காலணி முழுக்கச் செம்மண். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போகப் பிடிக்கல அக்கா. சின்னப் பெட்டிதான் குடுத்தாங்க. அதுலயும் பாதி காலி."

நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "கல்லையெல்லாம் நேத்தே உடச்சு ஓரமா குமிச்சிட்டாங்க. தேடிப் பாக்கலாமான்னு நெனச்சேன். எழுத்துதான் உங்க கிட்ட இருக்கேன்னு வந்துட்டேன்."

சொன்னேன். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

"எந்த நம்பர்ல அடிச்சீங்க?"

"பூஜ்ஜியம்."

"கழட்டும்போது பிஸின்னு சொல்லியிருக்குமே."

"சொல்லிச்சு."

அவர் எழுந்து இயந்திர அறைக்குப் போனார். நினைவகம் முழுவதையும் எழுத்தெழுத்தாகத் திரையில் கொட்டும் வழி ஒன்று உண்டு. பின்னால் நின்று பார்த்தேன். பெட்டி எண்கள், துறைமுகங்களின் பெயர்கள், எடைகள், மறுபடி பெட்டி எண்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேடினார். நடுவில் ஒரே ஒரு கட்டம் சரக்குப் பட்டியல் எட்டாமல் தப்பியிருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் கல், முழுதாக. அதைக் கோப்பில் எழுதி, டேப்பில் ஏற்றினார். பிறகு கடைசி வரை தேடினார். வேறெதுவும் இல்லை.

திரையைப் பார்த்தபடியே பேசினார். "மொத ரெண்டு வரி எனக்குத் தெரியும். மூணாவது வரிய அவ கடைசி நேரத்துல மாத்திட்டா. கல்லு வெட்றவர் கடைக்குத் தனியா போய் மாத்தினா. அப்புறம் கல்லறைக்குப் போனப்பெல்லாம் நான் கொஞ்சம் தள்ளியேதான் நிப்பேன்." என் பக்கம் திரும்பினார். "மத்தியானம் நீங்க படிச்சீங்களே அக்கா. என்ன இருந்துச்சு?"

மூன்றாம் வரியில் ஐந்து சொற்கள். நான்காவது சொல்லில் ஓர் எழுத்தை இரண்டு முறை அடித்திருந்தேன், ஒன்றை நீக்கினேன். கடைசிச் சொல் 'நீ'. பின்னாலிருந்து படித்ததால் அதுதான் அந்தக் கல்லில் என் கண்ணில் முதலில் பட்ட சொல். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை அவரிடம் சொன்னேன்.

"நீ-ன்னு முடியுதா?"

"ஆமா."

"நெசமா?"

"அது மட்டும் நிச்சயம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "தேங்ஸ் கா," என்றார். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் இருவரும் பொங்கோல் போனோம். கற்குவியல் இருந்த இடத்தில் லாரித் தடங்கள் இருந்தன. அந்தக் கல்லைப் படியெடுத்த பெண்ணைத் தேடிப் பிடித்தோம். கல்லின் உச்சியில் சிறிய புறா ஒன்று வெட்டியிருந்தது என்றும், அதன் அலகு உடைந்திருந்தது என்றும் சொன்னார். "எழுத்த அப்படியே பாத்து எழுதினேன்ங்க. மனசுல வைக்கலையே," என்றார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

மீதி ஒன்பது கற்களுக்கும் பதிவேட்டிலிருந்து பெயரும் தேதியும் எடுத்துப் போட்டோம். மகளின் பக்கத்தை எப்படிப் போடுவது என்று கேட்டேன். மூன்றாம் வரியை வேறு யாரிடமாவது எழுதி வாங்கலாமா என்றும் கேட்டேன்.

"வேணாம். அவ எழுதினது எத்தன வார்த்த? அஞ்சுதான? அஞ்சுக்கு எடம் விடுங்க. கடைசியில அது மட்டும் போடுங்க."

அடுத்த வாரம் அவர் டிரைவரை மாற்றினார். நினைவக டிஸ்க்கில் ஏதாவது எழுதியிருந்து, அது வேறெங்கும் படியெடுக்கப்படவில்லை என்றால், எத்தனை முறை கேட்டாலும் இனி கழற்றாது. மாற்றத்தின் விவரத்தை ஒரு தாளில் எழுதி, கையேட்டில் சேர்ப்பதற்காக என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சேர்த்தேன். இரண்டு வரிகள். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

புத்தகம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் கோக்கப்பட்டது. மெய்ப்பு பார்க்கப் போன நாளில், எழுத்துக் கோப்பவர் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். நாளிதழ்க் காலத்திலிருந்தே என்னை அறிந்தவர்.

"உங்க காப்பியிலயே ஓட்டையா? நம்ப முடியல லா. மூணாவது வரியில வார்த்தைங்க விட்டுப்போயிருக்கு பாருங்க. ஓரத்துல ஒத்த 'நீ' மட்டும் தொங்குது. அத இழுத்து மேல் வரியோட சேத்துடவா?"

"வேணாம்ணே."

"படிக்கிறவங்க அச்சுப்பிழைன்னு நெனைப்பாங்களே."

"நெனைக்கட்டும்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பென்சிலை எடுத்து, வெற்றிடத்தின் மேல் தான் போட்டிருந்த கேள்விக்குறியை அழித்தார். நான் அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். முன்னிருந்து, ஒரு முறை, மெதுவாகப் படித்த பிறகு.