மூன்று நாய்களின் தபசுகாலம்

திருகோணமலைத் துறைமுகத்தில் சாமான் கொட்டிலுக்குக் காவல் நின்ற சவிரிமுத்துவிடம் மூன்று நாய்கள் இருந்தன. ஒன்று பால்குடி மறந்த குட்டி, ஒன்று ஓடித்திரியும் வயது, மற்றது பல் விழுந்த கிழம். மூன்றுக்கும் ஒரே சாப்பாடு சரிவராது என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை வற்றிவிட்டது.

எழுபத்து மூன்றாம் ஆண்டுத் தபசுகால நோன்பு நாட்களில் மனைவி றெஜினா, உயிர்த்த ஞாயிறுவரை வீட்டில் மச்சமே இல்லை என்று நேர்த்தி வைத்தாள். மீன், இறைச்சி எல்லாம் நின்றன. நாய்களுக்கும் பூசணிக்காயும் சோறும்தான்.

“நாயளுக்கும் ஞானஸ்நானம் குடுத்தாச்சோ?” என்று சீறினார் சவிரிமுத்து.

“என்ர குசினியில சாப்பிடுற எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்” என்றாள் றெஜினா.

குட்டிக்கு வயிறு ஊதிக் கால் வளைந்தது. கிழம் சட்டியை மணந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நடுவிலுள்ளது அயல்வீட்டுக் கோழியைக் கவ்வி வந்தது. அதற்கு மேல் சவிரிமுத்துவால் பொறுக்க ஏலவில்லை. மூன்றையும் வேலைக்குக் கூட்டிப்போய், வள்ளக்காரரிடம் மீன் வாங்கி, கொட்டிலுக்குப் பின்னால் அவித்தார். குட்டிக்கு முள் எடுத்துக் கஞ்சியில் கரைத்தார். நடுவிலுள்ளதற்குத் தலையும் சோறும் போட்டார். கிழத்துக்கு விரலால் மசித்து உருட்டிக் கொடுத்தார். தன் வாயில் ஒரு துண்டும் வைக்கவில்லை, நேர்த்தி அவருக்கும்தானே.

ஒரு வெள்ளிக்கிழமை, வீடு திரும்பியவரின் கையை றெஜினா மூக்கருகே இழுத்து மணந்து பார்த்தாள்.

“மச்சம் திண்டனீங்களோ?”

நாய்களுக்கு என்று சொன்னால் நாளையிலிருந்து அவற்றைக் கட்டிப்போட்டுவிடுவாள்.

“ஓம், திண்டனான்” என்றார் சவிரிமுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

வாசலில் மூன்று நாய்களும் வயிறு முட்டப் படுத்திருந்தன. அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் அன்றிலிருந்து றெஜினா பூசணிக்காயும் போடவில்லை.