சுவரை மறைத்த அலமாரி

வாசகப் பெருமக்களே, என்னோடு நான்காவது மாடிக்கு வாருங்கள். வந்து சாட்சியாக நில்லுங்கள். ஓர் அநியாயத்துக்கு அங்கே வெள்ளையடித்து, பூச்சாடி வைத்து, விளக்கேற்றி அழகு பார்த்தார்கள். அப்படி அழகு பார்த்தவர்களுள் நானும் ஒருத்தி. கற்பனை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நடந்த நேரங்களை நானே என் கையால் குறித்து வைத்திருக்கிறேன்.

காலியான வீட்டை, குடிவர நினைப்பவர் கண்டதும் மயங்கும்படி ஒப்பனை செய்வது என் தொழில். நடிகருக்கு அரிதாரம் எப்படியோ, வீட்டுக்கு நான் அப்படி. எவரும் தேநீர் குடிக்காத மேசையில் இரண்டு கோப்பைகளை வைப்பேன். எவரும் படிக்காத புத்தகத்தைப் பாதியில் விரித்துக் கவிழ்ப்பேன். முன்பு வாழ்ந்தவரின் தடயம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வாழவே வாழாத ஒரு குடும்பத்தின் தடயம் எங்கும் இருக்க வேண்டும். மாலையில் நான் திரும்பிப் போகும் என் சொந்த வீட்டிலோ ஒரே நாற்காலி, ஒரே தட்டு. அங்கே நான் யாருக்காக ஒப்பனை செய்வது?

அந்த வீட்டை என்னிடம் ஒப்படைத்தவர் ஒரு தரகர். வேப்பெண்ணெயைக் கூடப் பாகு என்று விற்றுவிடுவார்; ஆகவே அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தேன்குழாய்.

"முன்னாடி யார் தம்பி இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு அம்மா. தனி ஆளு. போயிட்டாங்க."

"எங்கே?"

"போன இடத்துல நல்லா இருப்பாங்கக்கா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு ஜோடி பார்க்க வராங்க. அந்தப் பொண்ணுக்கு ஏழு மாசம். உள்ள நுழைஞ்ச உடனே 'இதுதான் நம்ம வீடு'ன்னு அது வாயால சொல்லணும். அவ்வளவுதான் உங்க வேலை."

ஒரு குறைதான் இருந்தது. கூடத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பிறை பிறையாகப் பள்ளங்கள். வெள்ளையடிக்க வந்தவர் அலுத்துப் போயிருந்தார். "மூணு தடவை பட்டி வெச்சு அடைச்சுட்டேன்மா. மறுநாள் வந்தா உதிர்ந்து கிடக்கு. இது சுவரா, என் மாமனாரான்னு தெரியல. என்ன சொன்னாலும் ஏத்துக்க மாட்டேங்குது."

எனக்கு எளிய வழி தெரியும். நீளமான, தாழ்ந்த ஓர் அலமாரியை இழுத்து அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தேன். பள்ளங்கள் மறைந்தன. என் கைகளைத் தட்டிக்கொண்டேன். நான் செய்த தவறு அதுதான்.

எங்கள் தொழிலில் 'ஒளி பார்ப்பது' என்று ஒரு வேலை உண்டு. ஒப்பனை முடிந்ததும் ஒரு பகல் முழுவதும் அந்த வீட்டில் தனியாக இருந்து, எந்த நேரத்தில் எந்த அறையில் வெயில் விழுகிறது என்று குறிக்க வேண்டும். அடுத்து யாரை எப்போது அழைத்து வருவது என்பதை அதை வைத்தே தரகர் முடிவு செய்வார். வியாழக்கிழமை, கையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் என்னைத் தவிர எவரும் இல்லை. கதவைப் பூட்டியவள் நான்.

பிற்பகல் 2.40. சமையலறை ஜன்னலில் வெயில் ஏறியது. எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டது.

டொக்... டொக்... டொக்.

உலோகம் சுவரில் மோதும் ஒலி. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால், ஆணி அடிப்பவர் நின்றுகொண்டு அடிப்பார். இந்த ஒலி என் முழங்காலுக்குக் கீழிருந்து வந்தது. வெயிலுக்குப் பக்கத்தில் அதையும் குறித்தேன்.

4.15. மறுபடியும் மூன்று. கூடத்துக்கு வந்தேன். ஒட்டி வைத்த அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. அலமாரியின் மேலிருந்த பூச்சாடி இருந்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர்கூடத் தளும்பவில்லை.

அலமாரியைத் தள்ளி ஒட்டிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். பனியன் போட்ட பெரியவர் ஒருவர் பாதிக் கதவைத் திறந்தார்.

"ஐயா, சுவர்ல ஏதாவது வேலை நடக்குதா?"

"நான் எதுக்கும்மா தட்டப் போறேன்? உங்க பக்கமிருந்துதானே வருது. மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?"

"மறுபடியும்னா?"

கதவு சாத்தப்பட்டது.

5.50. படுக்கையறையில் கடைசி வெயில். டொக்... டொக்... டொக். ஓடி வந்து பார்த்தேன். இப்போது இரண்டு சாண் இடைவெளி. இழுபட்ட சத்தம் இல்லை. தரையில் கீறல் இல்லை.

கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். அந்த ஒலியில் மிரட்டல் இல்லை. 'யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்பது போல இருந்தது. அந்தக் கேள்வியை நான் அறிவேன். என் வீட்டில் தினமும் அதை நான் வாய் திறக்காமல் கேட்கிறேன்.

6.20. 'ஒளி இல்லை' என்று எழுதினேன்.

டொக்...

டொக்...

டொக்.

மெலிந்திருந்தது. களைத்திருந்தது. நான் மண்டியிட்டேன். அந்த இடைவெளிக்குள் கையை நீட்டினேன். விரல் முட்டியால் மூன்று முறை தட்டினேன்.

அமைதி.

பிறகு...

டொக்டொக்டொக்டொக்டொக்டொக்...

நிற்கவில்லை. என் உள்ளங்கைக்கு அடியில் சுவர் அதிர்ந்தது. பள்ளங்களிலிருந்து வெள்ளை உதிர்ந்தது.

என் காதருகே, தரையோடு தரையாக...

ஒரு மூச்சு.

ஓடினேன்.

மறுநாள் காலை, தேன்குழாயோடுதான் உள்ளே நுழைந்தேன். அலமாரி கூடத்தின் நடுவில் நின்றது.

"என்னக்கா, வழியில நந்தி மாதிரி நிக்குது?" என்று சிரித்தபடியே அவர் அதைச் சுவரோடு தள்ளினார்.

பத்து மணிக்கு அந்த ஜோடி வந்தது. அந்தப் பெண் ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். இரண்டு கோப்பைகளைப் பார்த்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, தன் கணவனிடம் சொன்னாள்: "யாரோ சந்தோஷமா வாழ்ந்த வீடு மாதிரி இருக்குங்க."

அந்த வார்த்தையை அவள் வாயில் வைத்தவள் நான். வீட்டுக்குச் சாயம் பூசலாம், நியாயத்துக்குப் பூசலாமா? அலமாரியைப் பிடித்து இழுத்தேன். பள்ளங்கள் வெளிப்பட்டன.

"இங்க இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இவரைக் கேளுங்கம்மா."

தேன் வற்றியது. மென்று விழுங்கிச் சொன்னார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்தும் வேலை பார்த்தவர். ஐம்பத்திரண்டு வயது. கூடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழ முடியவில்லை. பத்தொன்பது நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று கையில் இருந்ததாம்.

அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"என் சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களேக்கா."

"நீங்க மறைச்சதை நான் சொன்னேன் தம்பி."

சாவியைத் திருப்பித் தர அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அந்த வீட்டைப் பற்றிக் கேட்டதும், எழுத்தர் ஒரு கோப்பைப் புரட்டினார். "ஒரே ஒரு கடிதம்தாங்க இருக்கு. அதுவும் அந்தம்மா எழுதினது இல்ல. அவங்க மேல எழுதினது."

ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. அடுத்த வீட்டுப் பெரியவரின் கையெழுத்து. நேரம் குறித்து, முறையாக எழுதப்பட்ட புகார்.

'பிற்பகல் 2.40, மூன்று தட்டு. 4.15, மூன்று தட்டு. 5.50, மூன்று தட்டு.'

என் குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிடமும் பிசகவில்லை. அடுத்த வரியைப் படித்தேன்.

'6.20, மூன்று தட்டு. பொறுக்க முடியாமல் நானும் என் பக்கத்துச் சுவரை மூன்று முறை தட்டிக் கண்டித்தேன். அதன்பின் அவர் இடைவிடாமல் தட்டத் தொடங்கினார். 7.10, ஒரே ஒரு தட்டு. பிறகு சத்தம் இல்லை. இனியும் இப்படி நேராதபடி எச்சரிக்க வேண்டுகிறேன்.'

அதன் கீழே அலுவலகத்தின் குறிப்பு: 'எச்சரிக்கை அறிவிப்பு கதவில் ஒட்டப்பட்டது.' மறுவாரத் தேதியில், பெரியவர் கையாலேயே இன்னொரு வரி: 'தொந்தரவு முற்றிலும் நின்றது. நடவடிக்கைக்கு நன்றி.'

பெருமக்களே, அந்தப் பெரியவர் கொடியவர் அல்லர். அறிவிப்பை ஒட்டியவரும், சுவரைப் பூசியவரும், மறைத்த நானும் கொடியவர்கள் அல்லர். அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். உங்கள் சுவருக்கு அப்பால் தனியாக இருப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் எழுந்திருங்கள். செருப்பை மாட்டுங்கள். அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று, பெயரைக் கேளுங்கள். கதவு திறக்காவிட்டால் திரும்பி வராதீர்கள். நாளைக்கு அல்ல, இப்போதே போங்கள்.