திரளாத துளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டிலிப்பாயில் நாங்கள் புகையிலை நட்டிருந்த காலம், என் முதல் கர்ப்பம் குழந்தையாக வளரவில்லை. குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் திராட்சைக் குலை போலக் கொப்புளங்கள்தான் இருந்தன. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

"உள்ளுக்கை ஏதும் மிஞ்சினால் புற்றுநோயாய் மாறலாம்" என்றார் டொக்டர். "கர்ப்பத்திலை சுரக்கிற புரதம் ஒண்டு இருக்கு. அது சிறுநீரிலை எவ்வளவு எண்டு மாதாமாதம் பாக்கவேணும். அது இல்லாமல் போகுமட்டும் பிள்ளை தங்கக்கூடாது."

நல்லூரில் ஓர் அக்கா சிறிய பரிசோதனைக்கூடம் நடத்தினார். கொழும்பிலிருந்து வரும் 'கிற்' என்ற சோதனைப் பெட்டியில் உள்ள மருந்தில் ஒரு துளியைக் கறுப்புத் தகட்டில் விட்டு, என் சிறுநீரைக் கலந்து ஆட்டுவார். புரதம் இருந்தால் பால் திரைந்ததுபோல மணிமணியாகத் திரளும். எவ்வளவு தண்ணீர் கலந்தும் திரள்கிறது என்பதை வைத்து அளவு சொல்வார். முதல் மாதங்களில் அது குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் துளி திரளவேயில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அக்காவின் முகத்தில் சந்தோசம் இல்லை.

"கொஞ்சம் பொறும், பிள்ளை."

கிற்றோடு வந்த இன்னொரு குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்துச் சோதித்தார். அதில் அந்தப் புரதத்தைக் கலந்தே அனுப்புவார்களாம், திரண்டே ஆகவேண்டும். அதுவும் திரளவில்லை.

"மண்ணெண்ணெயிலை ஓடுற பிரிஜ், எண்ணெய் இல்லாமல் நிண்டுபோச்சு. மருந்து பழுதாப்போச்சுது."

"அப்ப எனக்கு இருக்கோ, இல்லையோ?"

"தெரியாது. உது இனி ஒண்டும் சொல்லாது."

கொழும்புக்குப் போக இயக்கத்திடம் பாஸ் கேட்டோம். நான் திரும்பி வருவேன் என்பதற்கு என் கணவர் பிணை நிற்கச் சம்மதித்தார். "சொல்லியனுப்புறம்" என்றார்கள். அனுப்பவில்லை. மாமி, "பிள்ளைக்கு இன்னும் ஏன் பிந்துறியள்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார். என் கணவர் தன் பாயை விறாந்தைக்கு மாற்றிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, இருவருக்கும் தெரியும். இருமல் வந்தால்கூட, புற்று நெஞ்சுக்குப் பரவிவிட்டதோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். தோட்டத்தில் கிணற்றடிக்கும் வரம்புக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பேன். போக வேறு இடம் இல்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அக்கா சொல்லியனுப்பினார். அவருடைய தம்பி வவுனியாவிலிருந்து கடலேரியை வள்ளத்தில் கடந்து வந்தபோது, தேநீர்ப் பிளாஸ்கில் ஐஸ் போட்டுப் புதிய கிற் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

இம்முறை அக்கா புரதம் கலந்த குப்பியின் துளியை முதலில் சோதித்தார். திரண்டது. பிறகு என்னுடையது. தகட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தோம். வழுவழுவென்றே கிடந்தது.

"இல்லை" என்றார்.

"இன்னொருக்காப் பாருங்கோ அக்கா."

"வேறை ஆக்களும் காத்திருக்கினம், பிள்ளை. அடுத்த மாதமும் வாரும். கிற் மிஞ்சினால் பாப்பம்."

வெளியே என் கணவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "இல்லையாம்" என்றேன். "ஓம்" என்றவர், சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு அப்படியே தெருவோரத்தில் குந்திக்கொண்டார். நானும் பக்கத்தில் குந்தினேன்.