மருமகன் சட்டைப் பையில் ராத்தாவின் சீனி வருத்தம்

போன மாதம் ராத்தாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இடது காலில், சுண்டுவிரலை ஒட்டி ஒரு புண். செருப்புக் கடித்தது என்றார். எந்தச் செருப்பு இரண்டு மாதமாகக் கடிக்கும்?

வாங்கில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இருபத்திரண்டு பேர். எல்லாரும் என் வயதுக்காரர்கள். மேசையில் புதுக் கம்ப்யூட்டர். அதன் வயர் எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்தேன்.

"இனி ரிசல்ட் எடுக்க நீங்க அலையத் தேவையில்ல சேர். அவசரமெண்டா மெசேஜ் வரும். போன் நம்பரைச் சொல்லுங்க" என்றாள் நர்ஸ் பிள்ளை.

"இந்த நம்பர் வேறு யாருக்கெல்லாம் போகும் மகள்?"

"ஒருத்தருக்கும் போகாது சேர்."

"கம்ப்யூட்டரில் ஏறியது போகாமல் இருக்குமா?"

"உங்கட ராத்தாட சீனியை ஆர் சேர் களவெடுக்கப் போறா?"

வாங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு கம்ப்யூட்டரும் கெமராவுமாக எங்கள் வாசலுக்கு வந்து பெயர் எழுதிப் போன கூட்டங்களை எண்ணியவன் நான். பதினேழு. திரும்பி வந்தவை இரண்டு. அதற்கு முன்பும் பெயர் கேட்டார்கள் — துவக்கைத் தோளில் மாட்டி வந்தவர்கள். யுத்தம் முடிந்துவிட்டதாம். சரி... எழுதிக்கொள்ளும் பழக்கம் முடிந்ததா?

ராத்தாவிடம் போன் கிடையாது. அவருடைய மகள் கிளினிக் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருந்த நம்பரை நீட்டினார். அது மருமகன் ரமீஸின் போன். அந்த வீட்டுக்கே அந்த ஒன்றுதான்.

அடுத்த நாள் நான் அறுவடை பார்க்க நாவிதன்வெளிக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே கல்முனைக்குடிக்கு, ராத்தா வீட்டுக்குப் போனேன்.

கல்லுப் போலத் திடமாக இருக்கிற ரமீஸ் தனியே மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பெரிய கோப்பை கொத்தமல்லித் தண்ணீர். பக்கத்தில் கஞ்சி — காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற சாப்பாடு. கறி இல்லை, பொரியல் இல்லை. வெள்ளிக்கிழமையில்!

அடுப்பு எரியும் குசினிக்குள் போனேன். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரகசியமாகச் சொன்னார்.

"தம்பி, மருமகனுக்கு என்னமோ வருத்தம். ஆசுபத்திரியில இரிந்து மெசேஜ் வந்திரிக்காம். புள்ளையும் வீட்டில இல்ல. நான் ஆரிட்டக் கேக்கிற?"

"உங்களுக்கு ரிசல்ட் வந்ததா?"

"இல்லையே. போன் அடிக்கவே இல்ல."

முன்னால் ஓடி வந்தேன். ரமீஸ் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"மாமா, அல்லாஹ்தான் உங்களக் கொண்டு வந்தான். இத வாசிங்க."

இங்கிலீஷில் இரண்டு வரி. ராத்தாவின் பெயர். சீனி மிக அதிகம், காலில் கிருமி, உடனே வரவும். வந்தது செவ்வாய்க்கிழமை.

"மூன்று நாள்! ஏன் சொல்லவில்லை?"

"சொன்னன் மாமா."

"யாரிடம்?"

"சுவருக்கு."

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். மருமகன் வந்து குடியிருப்பது பெண் வீட்டில். மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ், ஒரே பானைச் சோறு. ஆனால் நேருக்கு நேர் பேச்சு இல்லை. அது மரியாதை. நடுவில் மகள் தபால்காரியாக இருப்பாள். இந்தத் தபால்காரியோ மச்சியின் — ரமீஸின் தங்கையின் — பிள்ளைப்பேற்றுக்காக வரிப்பத்தான்சேனைக்குப் போயிருந்தாள்.

"மாமிட காலைப் பத்தி நான் எப்பிடி மாமா வாய் திறக்கிற? ஆசுபத்திரியில இரிந்து மெசேஜ் வந்திரிக்கு எண்டு சுவரைப் பாத்துச் சத்தமாச் சொன்னன். அதுக்கு மறுகா மல்லித் தண்ணி வந்திச்சி."

"பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கலாமே?"

"மாமிட கால் ஊர்க் கதையாகிடுமே. தங்கச்சி வீட்டுக்கு அடிச்சன், லைன் கிடைக்கவே இல்ல. உங்களைத் தேடி வந்தன், வீடு பூட்டிக் கிடந்திச்சி, குடும்பமா வயலுக்குப் போயிட்டீங்க. போன் அடிச்சிக் கதைப்பம் எண்டா, நீங்கதான் போனே வேணாமெண்டு இரிக்கிற ஆள்."

போன் அவருடையது, ஆகவே வருத்தமும் அவருடையது — ராத்தாவின் கணக்கு அவ்வளவுதான். தன் கால் அழுக, மருமகனுக்கு மூன்று நாளாகக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார். அவரும் மரியாதையாகக் குடித்திருக்கிறார்!

ஆட்டோ பிடித்து ஓடினோம். டொக்டர் புண்ணைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். காலைக் காப்பாற்றிவிடலாம், சுண்டுவிரலை எடுத்தாக வேண்டும், மெசேஜ் கிடைத்த அன்றே வந்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்கும் என்றார். ரமீஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த முறை அதனிடம் அவர் எதுவும் சொல்லவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்த ராத்தாவிடம் வார்ட் நர்ஸ் கேட்டாள்: "உம்மா, நம்பரை மாத்துவமா? வேற ஆரும் பொம்பிளைப் பிள்ளைட நம்பர் இரிக்கா?"

ரமீஸ் பிளாஸ்குடன் வாசலில் நின்றிருந்தார். ராத்தா முக்காட்டைச் சரிசெய்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை.

"மருமகன்... மறுகா மெசேஜ் வந்தா என்னட்டயே சொல்லுங்க."

"ஓம் மாமி" என்றார் ரமீஸ். உள்ளே வந்து பிளாஸ்கை ராத்தாவின் கட்டிலருகே வைத்தார்.

கலியாணமாகிப் பதினொரு வருடம். நான் அறிந்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்.

கம்ப்யூட்டர் மீது எனக்கிருக்கும் சந்தேகம் தீரவில்லை. ஆனால் அது இடம் மாறியிருக்கிறது. ராத்தாவின் விவரம் ஊரெல்லாம் போய்விடும் என்று பயந்தேன். போனது ஒரே ஒருவருக்கு — அதைச் சொல்ல வாயில்லாத ஒருவருக்கு. நம்பரைக் கேட்ட கம்ப்யூட்டர், அந்தப் போன் யார் சட்டைப் பையில் இருக்கிறது, அவர் நோயாளியோடு கதைப்பாரா என்று கேட்கவில்லை. அத்தனை சந்தேகப்படுகிற எனக்கும் அது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியின் கிளினிக் கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் எங்கள் மருமகனின் நம்பர்.

உங்கள் வீட்டில் யாருடைய நம்பர்? இன்றைக்கே கேட்டுவிடுங்கள் — சுவரிடம் அல்ல.