சின்னம்மா வரைந்த வலது கை

சின்னம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டுவிட்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்துவிடும். அப்பா, "ஆஸ்பத்திரியில வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவார். அம்மா, சொந்தத் தங்கையைப் பற்றியே, "ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி மாதிரி" என்பார்.

கிராணியாம்! சின்னம்மா படம் வரைபவர். அறுவை சிகிச்சை நடக்கும்போது டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, திறந்த வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்று பார்த்து, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக வரைந்து கொடுப்பவர். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் இதயம், மருந்துக் கம்பெனிக் காலண்டரில் வரும் குடல், கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் காட்டும் குழந்தைப் படம், எல்லாம் அவர் கையால் வந்தவை. எங்கள் வகுப்பில் மாட்டியிருந்த நுரையீரல் என் சின்னம்மா வரைந்தது என்று சொன்னதற்கு, பொய் சொல்கிறேன் என்று டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரிய அநியாயம்.

எண்பதுகளின் தொடக்கம். பினாங்கில், டத்தோ கெராமாட் ரோட்டுக்குப் பின்னால் வரிசை வீடு ஒன்றில் சின்னம்மாவோடு இருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் இயந்திரத்தின் தகடு அவளுடைய வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள், புண்ணும் ஆறியது. கையை விரித்து வைத்தால் ஒரு தழும்பைத் தவிர ஒன்றும் தெரியாது. மடக்கச் சொன்னால்தான் தெரியும். கட்டைவிரல் மட்டும் வரும், மற்ற நான்கும் அப்படியே நிற்கும். சோறு பிசைய முடியாது, தலை பின்ன முடியாது. தொழிற்சாலைக்காரர்களோ, கை நன்றாகத்தான் இருக்கிறது, வேலை செய்ய மாட்டேன் என்பது அவள் பிடிவாதம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அக்கா வழக்குப் போட்டாள். கை போனது உண்மை என்று நீதிபதி நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

கையைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார் லாயர். வினையே அங்கேதான் வந்தது. அக்காவின் அம்மா எனக்கு அத்தை முறை. அவர் மகளைப் பினாங்கு ரோட்டில் தெரிந்த ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வது அங்கேதான். ஸ்டூடியோ முதலாளியான சீனத் தவுக்கே தங்கமான மனிதர். பரு இருந்தால் அழித்துவிடுவார், அம்மைத் தழும்பு இருந்தால் அழித்துவிடுவார், யாரும் கேட்கவே வேண்டாம். அத்தையும் வாய் பழகின பழக்கத்தில், "நல்லா வரணும்லா தவுக்கே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த நல்ல மனிதர் நெகட்டிவும் பென்சிலுமாக உட்கார்ந்து, உள்ளங்கைத் தழும்பை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டார். வந்த படத்தை வளையல் கடை விளம்பரத்துக்கே கொடுத்திருக்கலாம். லாயரின் கிராணி உறையைப் பிரித்தும் பார்க்காமல் எதிர்த் தரப்புக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பக்கத்து லாயர், "இந்தக் கைக்கு என்ன குறை?" என்று கேட்டுச் சிரித்தாராம். அத்தை வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார்.

கையைத் தைத்த டாக்டர்தான், போட்டோவில் தோலுக்கு உள்ளே இருப்பது தெரியாது, வரைகிற அம்மாவிடம் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். அக்காவின் லாயரே எங்கள் வீடு தேடி வந்தார். கோர்ட்டுக்குக்கூடச் சின்னம்மா தேவைப்படுவார் என்று அன்றைக்குத்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அவசர அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் அவள் கையை வைத்துச் சின்னம்மா வரையத் தொடங்கினார்.

"இப்ப மடக்கு, பாப்போம்."

"வராதுக்கா."

"தெரியும்மா. எதுவரைக்கும் வந்து நிக்குதுன்னு பாக்கணும்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். நெற்றி வியர்த்தது. இன்னொரு தடவை என்றார் சின்னம்மா. பக்கவாட்டில் திருப்பி வைத்து, மறுபடியும் என்றார். அக்காவுக்குக் கண்ணீர் வழிந்தது. சின்னம்மாவோ கையையும் தாளையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. என்ன மனுஷி இவர் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"விடுங்க சின்னம்மா! வலிக்குதுல்ல? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

திரும்பியது அக்காதான். "நீ சும்மா இரு பாப்பா. எங்கம்மாகூட இந்தக் கைய நேரா பாத்ததில்ல. இவங்களாவது பாக்கட்டும்."

எப்படி இருக்கிறது கதை! யாருக்காகச் சண்டைக்குப் போனேனோ அவளே என் வாயை அடைத்தாள். கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தாளில் ஒரு கை. தோலை விலக்கிக் காட்டுவதுபோல, உள்ளே விரல்களை இழுக்கும் தசைநாண்களையும், டாக்டரின் குறிப்புப்படி அவை அறுந்த இடத்தையும் வரைந்திருந்தார். பக்கத்தில், மூட முயன்று பாதியில் நின்றுபோன அதே கை. ரத்தம் இல்லை, கண்ணீர் இல்லை.

"அக்கா அழுதது எங்க?" என்று கேட்டேன்.

"அத அவ முகத்துல பாத்துக்குவாங்க. கையில என்ன போச்சுன்னுதான் என்னைக் கேட்டாங்க" என்றார் சின்னம்மா.

கோர்ட்டில் அந்தப் படத்தை நிறுத்தி வைத்து, டாக்டர் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினாராம். எதிர் லாயர் அப்புறம் சிரிக்கவில்லை. அக்கா ஜெயித்தாள். அத்தை லாயருக்குப் பழத்தட்டு கொண்டுபோனார், டாக்டருக்குக் கொண்டுபோனார், மனசு நோகக் கூடாதென்று ஸ்டூடியோத் தவுக்கேவுக்குக்கூட லட்டு கொடுத்துவிட்டு வந்தார். சின்னம்மாவுக்கு ஒரு வாழைப்பழம்? மூச்! அதைக் கேட்கப் போன என்னை அம்மா தொடையில் கிள்ளி உட்கார வைத்தார்.

கொஞ்ச காலம் கழித்து, கையை மறுபடி அறுத்துத் தைத்த பிறகு, அக்கா தனியாக வந்தாள். யாரும் சொல்லாமலே கையை மேசை மேல் வைத்தாள்.

"சுண்டுவிரல் கொஞ்சம் மடங்குதுக்கா, பாருங்க. வரைஞ்சு குடுங்களேன்."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "கேஸ்தான் முடிஞ்சிடுச்சே! இனிமே யாரு பாக்கப் போறா?" என்றேன். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கேட்டதில் என்ன தப்பு? கோர்ட்டும் கேட்காத, டாக்டரும் கேட்காத, எந்தக் காலண்டரிலும் வராத ஒரு படத்தை அக்கா ஏன் தனக்கென்று கேட்கிறாள், அதற்குப் போய்ச் சின்னம்மா ஏன் இருப்பதிலேயே நல்ல தாளை எடுக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.